தாய்மாமன் வண்டிக்கு ஜன்னல் ரப்பர்

ஹலோ... ஹலோ, உவைஸ் மச்சானா?... அஸ்ஸலாமு அலைக்கும். நாந்தானுங்க, அக்பர் அலி... ஆமாங்க, ஆமாங்க, துணிக்கடையிலதான் இருக்கறேன்... ஒண்ணும் இல்லீங்க, சும்மாதான். சும்மா கூப்புடக்கூடாதுங்களா? ஞாயித்துக்கிழமை நிக்காஹ்வ வெச்சுக்கிட்டு, பொண்ணோட தாய்மாமன் நானும், அவ அத்தாவோட தம்பி, சின்னத்தா நீங்களும் நாலு வார்த்தை பேசிக்கலைன்னா ஊரு என்னங்க நெனைக்கும்?...

பந்தலா? அதெல்லாம் ஆளுக பாத்துக்குவாங்க, உடுங்க... அண்டாவா? வந்துருச்சு, வந்துருச்சு... மச்சான், அது கெடக்கட்டும். காலையில உங்க அம்பாசிடரை என்ற கடை முன்னால நிறுத்திட்டு எறங்குனீங்களே... ஆமா, டீ குடிக்க... நான் பாக்கலீங்க. துணி மடிச்சிட்டிருந்தேன், காதுலதான் உழுந்துச்சு. கதவைச் சாத்துனீங்க பாருங்க, அந்தச் சத்தம்! நேத்து வரைக்கும் உங்க கதவும் என்ற கதவும் ஒண்ணாட்டத்தான், தகரடப்பா மேல கல்லு உழுந்தாப்புல 'டணார்'ங்கும். இன்னைக்கு உங்குளுது மட்டும் நகைக்கடைக்காரரு பெட்டிய மூடுறாப்புல 'தப்'புங்குது. கண்ணாடி ஒரு கிலுக்குக்கூட கிலுக்கலை...

ஓ... ஜன்னல் ரப்பர் மாத்தியிருக்கறீங்களா!... நாலு கதவுக்குமா?... நீங்களேவா! சோப்புத்தண்ணி தடவித் தள்ளி உட்டீங்களா... ஆமாங்க, இழுத்து மாட்டக்கூடாது, அப்புறம் சுருங்கி மூலையில வாயைப் பொளந்துரும்... தெரியுமுங்க. எனக்கும் ஒரு அம்பாசிடர் இருக்குதல்லங்க, மறந்துபோட்டீங்களா?...

பொறாமையா? எனக்கா? ஏனுங்க, ரப்பர் மேல எவனாச்சும் பொறாமைப்படுவானுங்களா?...

எந்தக் கடையில எடுத்தீங்க?... உக்கடத்துல, சாமுவேல் கடையா... நான் அந்தப் பக்கம் போயே... சரி, சரி, போனேன். சொல்லிட்டாரா? அந்த மனுசனுக்கு ஒரு சேதி வாயில நிக்காது... ஆமாங்க, முந்தாநேத்து போனேன். வெலை படியலை, வேண்டாமுன்னு எறங்கி நடந்தேன். நடக்கறதுன்னா நெசமாலுமா நடக்கறது? ரெண்டு கடை தள்ளி நின்னு, செருப்புல கல்லு மாட்டுனாப்புல குனிஞ்சு தட்டிக்கிட்டு இருந்தேன். 'பாய், வாங்க வாங்க, படிஞ்சு போச்சு'ன்னு அவரு கூப்புடோணும். அதுதானுங்க கடைத்தெரு மொறை... கூப்புடலை. எத்தனை நேரம்தான் செருப்பைத் தட்டறது? ஊட்டுக்கு வந்துட்டேன். இன்னைக்கு உங்க கதவுச் சத்தத்தைக் கேட்டுப்போட்டு ஓடுனா, 'இருந்ததே ரெண்டு செட்டு பாய், ரெண்டையும் உவைஸ் பாய் எடுத்துட்டுப் போயிட்டாரு'ங்கறாரு...

ரெண்டு செட்டு எதுக்குங்க மச்சான்? உங்க வண்டிக்கு என்ன, எட்டுக் கதவா?...

நீங்க சொல்ல வேண்டாம், நான் சொல்றேன். அக்பர் அலி வண்டி ஒழுகிட்டே இருக்கோணும், அதுக்குத்தான்... பின்ன என்னங்க? போன மாசம் ஆர்.எஸ்.புரத்துல நிக்காஹ் பட்டு எடுத்துட்டு வரும்போது மழை புடிச்சுது. என்ற ஜன்னல்ல தண்ணி எறங்கி, என்ற தங்கச்சி சபுரா மடியில இருந்த புடவை நனஞ்சு போச்சு. அன்னைக்கே அவ சொல்லிப்போட்டா, 'அண்ணா, நிக்காஹ் முடிஞ்சு நஸ்ரியா பொள்ளாச்சிக்கு, மாப்பிள்ளை ஊட்டுக்கு, கொழுந்தனாரு வண்டியிலயே போகட்டும்'னு. உங்க வண்டியும் ஒழுகத்தான் செஞ்சுது, ஆனா அதுல யாரும் பட்டு கொண்டுட்டு வரலை, தப்பிச்சீங்க!... தாய்மாமன் வண்டி வாசல்ல நிக்க, பொண்ணு உங்க வண்டியில போறதா? எல்.கே.ஜி.யில இருந்து அவளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் உட்ட வண்டிங்க அது... ஆமா, நீங்களும்தான் உட்டீங்க. எனக்குக் காய்ச்சல் வந்தப்ப...

சரி, கோவிச்சுக்காதீங்க. உங்க நல்லதுக்கு ஒண்ணு சொல்றேன் மச்சான், அந்த ரப்பரு சரியில்லை... கையில எடுத்துப் பாத்தேனுங்களே! உள்ள வெல்வெட்டு கெட்டியா இருக்கோணும், அது வெறும் பஞ்சு. ரெண்டு வெயிலுக்கு வெடிச்சிரும். கண்ணாடிய ஏத்துனா எறங்காது, எறக்குனா ஏறாது. பத்தாததுக்குக் கறுப்பு வேற ஒட்டும்... ஆமாங்க, மணப்பொண்ணு பட்டுல! மாட்டுனது மாட்டியாச்சு, அந்த இன்னொரு செட்டையாச்சும் சாமுவேலுகிட்டத் திருப்பிக் குடுத்துருங்க... எனக்கென்னங்க லாபம்? ஒரு அக்கறைதான்...

என்னது?... யாரு நிக்கறாங்க அங்க?... டாக்ஸி ஸ்டாண்டு அன்புமணியா? அவரு எதுக்குங்க... ஓ, அவருதும் அம்பாசிடரா... ரப்பரை அவருக்கே குடுத்துடறீங்களா?... நில்லுங்க! நில்லுங்க மச்சான்! குடுத்துறாதீங்க... மோசமுன்னு நாந்தான் சொன்னேன். நான் சொன்னா நம்பீருவீங்களா? என்னை எத்தனை வருசமாப் பாக்கறீங்க!... நல்ல ரப்பருங்க. தங்கமான ரப்பரு... அன்புமணிய மொதல்ல அனுப்புங்க... போயிட்டாரா?... ரப்பரு இருக்குதுங்களா?... அல்ஹம்துலில்லாஹ்.

...எனக்கா?... எனக்குன்னே வாங்குனீங்களா?... யாரு, நஸ்ரியாவா?... 'மாமா வண்டியிலதான் போவேன்'னு சொன்னாளா?... எப்பங்க?... போன வெள்ளிக்கிழமையேவா...

இன்னொருக்கா சொல்லுங்க மச்சான், அவ சொன்னாப்புலயே...

இருங்க, இருங்க. அதை எதுக்கு அவ உங்ககிட்டச் சொன்னா? எங்கிட்டச் சொல்லலாமுல்ல?... என்ன சொன்னாளா? 'மாமா பேரம் பேசி ரப்பர் வாங்கறதுக்குள்ள எனக்குப் புள்ளையே பொறந்துரும்'னாளா! வாயி, வாயி!... எங்க வழி வாயிங்க அது. உங்க ஊட்டுல யாரு அந்தப் பேச்சுப் பேசறாங்க?... இருந்தாலும் மனசு என்னமோ பண்ணுதுங்க மச்சான். வண்டி என்றது, ரகசியம் மட்டும் உங்ககிட்டயா?...

சரி, ஆகட்டும். சாயந்திரம் நீங்களே வந்து மாட்டறீங்களா?... வாங்க, வாங்க. கூலி?... பணம் வேண்டாமா? பின்ன?... ஓட்டோணுமா? என்ற வண்டியவா? ஞாயித்துக்கிழமை, பொண்ணை வெச்சுக்கிட்டா!... ஏனுங்க, அந்த வண்டிக்கு என்ற கைக்குத்தான் கியரே உழுகும்... சரி, பாதி வழி, கிணத்துக்கடவு வரைக்கும் நீங்க, அங்கிருந்து நானு... ஏன்? சம்பந்தி வாசல்ல யாரு வண்டிய நிறுத்தறதுன்னு பாக்கறீங்களா? நானும் அதைத்தானுங்க பாக்கறேன்... முடியாதா?... அன்புமணி இன்னும் தெருவுலதான் நிக்கறாரா?... கூப்புடாதீங்க! கூப்புடாதீங்க!

...சரிங்க. நீங்களே ஓட்டுங்க... முழுசா. வாசல் வரைக்கும்... ஆமாங்க, மனசாரத்தான் சொல்றேன். சாவியே தாரேன்.

நானா? நான் பின்னால உக்காந்துக்கறேன். பொண்ணு பக்கத்துல... மாப்பிள்ளையா? ரைஹான் தம்பி முன்னால உங்க பக்கத்துல உக்காரட்டும், ரோட்டைப் பாத்துட்டே வரலாம்... வழக்கமில்லைங்களா? ஏனுங்க மச்சான், அந்தப் பையன் இனி ஆயுசு முழுக்க அவ பக்கத்துலதானுங்க உக்காரப் போறாரு. ஒரு மணி நேரம் முன்னால உக்காந்தா தேஞ்சா போயிருவாரு?... சத்தம் போடாதீங்க... என்னங்க?... கேக்கலீங்க... சுத்தமாக் கேக்கலை... வெக்கறேனுங்க.