நோன்பு திறக்க மூணு மாத்திரை

— கைய விரிங்க.

— இன்னா கரீமா, நோன்பு திறக்க இன்னும் கால் மணி நேரம் இருக்கு. அதுக்குள்ள சண்டையா?

— நோன்பா? அப்ப ஆஸ்பத்திரி நர்ஸம்மா சந்தேகப்பட்டது சரிதான். எலும்புல புத்துநோய வெச்சிக்கிட்டு உங்களுக்கு ஏதுங்க நோன்பு? மத்தியானம் நான் குடுத்த சோறு?

— பூனைக்கு.

— அதானே பாத்தேன், ரெண்டு நாளா அது அடுப்படிப் பக்கமே வரல. கைய விரிங்கன்றேன்.

— இந்தா பாரு, போதுமா? பத்து மணிக்கு நீ குடுத்தது ஒண்ணு, ரெண்டு மணிக்கு ஒண்ணு, இப்ப ஆறு மணிக்கு ஒண்ணு. மூணும் எனக்குன்னு எழுதிக் குடுத்தது தானே? பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தோட மொத்தமா போட்டுக்கிறேன்.

— மொத்தமா அள்ளுறதுக்கு இது இன்னா தேங்காய்த்திட்டு ஹார்பர் ஏலத்து இறாலா? மார்ஃபின்ங்க! டப்பாவப் பூட்டி, சாவிய இடுப்புல சொருகிக்கிட்டு, மணி பாத்து ஒவ்வொண்ணா எடுத்துத் தர்றேன். நீங்க முழுங்குற மாதிரி தண்ணி டம்ளரத் தூக்கிக் காட்டிட்டு சட்டப் பையில போட்டுக்கிறீங்க!

— முப்பது வருசம் அந்த ஏலத்துல நின்னவன் நான். அளவு எனக்குத் தெரியாதா?

— தெரியாது. இதுல சத்தியமா தெரியாது. ஜெயம் நர்ஸம்மா காலைல போன்ல படிச்சிப் படிச்சி சொன்னாங்க. விட்டுப்போனதச் சேத்துப் போடவே கூடாது. அடுத்த வேளைக்கு உண்டானது மட்டும் தான். சேத்துப் போட்டா மூச்சு அடங்கிடும். எழுப்பி எழுந்திரிக்கலன்னா வேற எதையும் யோசிக்காம 108-க்கு அடிக்கணும்.

— நோன்பப் பத்தி நர்ஸம்மாவுக்கு இன்னா தெரியும்?

— உங்களவிட தெரிஞ்சிருக்கு. டாக்டர்கிட்ட முன்னாடியே கேட்டிருந்தா பன்னெண்டு மணி நேரம் நிக்கிற மாத்திரையா மாத்த முடியுமான்னு பாத்திருப்பாராம். விடியறதுக்கு முன்ன ஸஹர் சாப்பாட்டுக்கு ஒண்ணு, சாயங்காலம் நோன்பு திறக்க ஒண்ணு. ஒரு வார்த்த கேட்டீங்களா? முடியாதவங்களுக்குக் கடமையில்லன்னு பள்ளிவாசல் அஜரத்தே வீடு தேடி வந்து சொல்லிட்டுப் போனாரு.

— அஜரத்துக்கு அடுத்த ரமலான் இருக்கு. எனக்கு இருக்கா? நீ சொல்லு.

— அப்படிப் பேசாதீங்க.

— அழாத கரீமா. பகல்ல வலிச்சா பல்லக் கடிச்சிக்கிட்டுக் கெடந்துடறேன், அது என் பாடு. நேத்தும் இதே மூணத்தான் போட்டேன், இன்னா ஆயிப் போச்சி? ரெண்டு மாசமா பாக்காத தூக்கம்! ஸஹர் நேரத்துல நீ வந்து எழுப்புற வரைக்கும் ஒரு கனவு கூட வரல. அல்லா குடுத்த தூக்கம்.

— ஸஹர் நேரத்துலயா எழுப்புனேன்? ராத்திரி பத்து மணி மாத்திரையக் குடுக்கலாம்னு வந்ததுல இருந்து எழுப்புறேங்க. உலுக்குனேன், மூஞ்சில தண்ணியத் தெளிச்சேன். ஒரு மூச்சு வுட்டீங்க, அடுத்தது வர்றதுக்குள்ள நான் பத்து வரைக்கும் எண்ணிட்டேன். ஆம்புலன்ஸக் கூப்புடணும்னு கூட இந்தப் பாவிக்குத் தோணல. உங்க நேரம் வந்துடுச்சின்னு நெனச்சி, காதுல கலிமா சொல்லிட்டேங்க.