அஞ்சலாட்சியின் மூக்குத்தியில் தவறிய கை

தலைவர் அவர்களே! உப்பளத்து வைரப் பட்டறைத் தோழர்களே! கண்ணீரோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! வணக்கம்.

நிதானமாகப் பேச வேண்டும் என்றுதான் எழுந்தேன். முடியவில்லை! சற்று முன் நம் செயலாளர் பஞ்சநாதன், மறைந்த வைரமாமணி கண்ணையனாரை வானளாவப் புகழ்ந்தார். புகழ்ந்துவிட்டு, "யானைக்கும் அடி சறுக்கும். அஞ்சலாட்சி மூக்குத்தியில் அவர் கையும் ஒருமுறை தவறியது" என்றார். அந்த நிமிடத்திலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

கண்ணையனார் யார்? கல்லைக் கையில் வாங்கியதும் நாமெல்லாம் நிறம் பார்ப்போம், புள்ளி இருக்கிறதா என்று பார்ப்போம். அவரோ பட்டைகளைப் பார்ப்பார்! "காத்தவராயா, நிறமும் சுத்தமும் மண்ணு குடுத்தது. பட்டை சமமா விழறதும் மெருகும்தான் நாம குடுக்குறது. அதுல குறை வச்சுட்டு மண்ணு மேல பழி போடாதே" என்பார் என்னிடம். எதிரெதிர்ப் பட்டைகள் மயிரிழை கோணினாலும் உள்ளே போன ஒளி பக்கவாட்டில் ஓடிவிடும். மெருகு குறைந்தால் முகம் மங்கிவிடும். அப்புறம் அது எவ்வளவு உயர்ந்த கல்லாக இருந்து என்ன பயன்? எத்தனை முறை என் கல்லை என்னிடமே திருப்பிக் கொடுத்திருக்கிறார்! எத்தனை முறை அவரை மனத்துக்குள் திட்டியிருக்கிறேன்!

பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறிய வருஷம். நம் உப்பளத்துப் பெண் அஞ்சலாட்சிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கதிர்காமத்து மாப்பிள்ளையின் அத்தை பூதக்கண்ணாடியில் மூக்குத்தியைப் பார்த்தார். "கல்லுல கீத்து ஓடுது. தோஷக் கல்லு போட்ட பொண்ணு எங்க வூட்டுக்கு வேணாம்" என்று எழுந்துவிட்டார். இரு வீட்டாரும் அந்தக் கல்லைத் தீட்டிய எங்கள் பட்டறைக்கு வந்தார்கள். கண்ணையனார் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உள்கீத்து இல்லீங்கம்மா. மெருகுச் சக்கரம் இழுத்த கோடு, மேலாப்புல இருக்குது. கல்லுக்குத் தோஷம் இல்ல, தீட்டின கைக்குத்தான் தோஷம்."

"யாரு கை?"

"என் கைதாம்மா."

அவரே உட்கார்ந்து மறுமெருகு போட்டார். கோடு மறைந்தது. கல்யாணமும் நடந்தது. ஆனால் நாலு வருஷமாக ஊர் அவர் கையைச் சொல்கிறது! இன்று அவர் படத்துக்கு மாலை போட்டுவிட்டும் சொல்கிறது!

பஞ்சநாதன் அவர்களே, அது அவர் கை அல்ல. என் கை! மதிய ஆட்டம் சினிமாவுக்குப் போகும் அவசரத்தில் இழை ஓடும் வாட்டம் பார்க்காமல் கல்லைச் சக்கரத்தில் அழுத்தியவன் நான். அவர் பழியை ஏற்றபோது இரண்டடி தள்ளி நின்றேன். வாய் திறந்தேனா? இல்லை! அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது, சிறுபிள்ளையுமல்ல. ஊர் சிரிக்குமே என்ற வெட்கம். பிறகு, "ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன். "பாக்காம அனுப்புனது நான்தானேப்பா" என்றார். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டார். நானும் சௌகரியமாக விட்டுவிட்டேன்.

அம்மா அஞ்சலாட்சி, இங்கேதான் இருக்கிறாய். என்னை மன்னித்துவிடு.

அவர் பட்டறையை நான் நடத்த வேண்டும் என்று சங்கம் சொல்கிறது. நடத்துகிறேன். நாளைக் காலையே சக்கரம் சுற்றும். இரண்டு பேர் கண் படாமல் ஒரு கல்லும் வெளியே போகாது. குறை வந்தால், தீட்டியவன் பெயரை அவனே சொல்வான். அவர் படத்தின் முன்னால் இது என் உறுதி.

செயலாளரே, கண்ணையனார் கை ஒருமுறை தவறியது என்று கூட்டக் குறிப்பில் எழுதியிருப்பீர்கள். அதை அடித்துவிட்டு என் பெயரை எழுதுங்கள். நீங்கள் எழுதி முடிக்கும்வரை இந்த மேடையை விட்டு நான் இறங்கப் போவதில்லை!