துக்கம் போதாத பெண்

நேர்முகத் தேர்வுக்குப் போகிற பிள்ளைகளுக்கு முதல் தொல்லை கைகள்தான். மேசைமேல் வைத்தால் அதிகாரம் பண்ணுவதுபோல் இருக்கும். மடியில் வைத்தால் பந்தியில் சாம்பாருக்குக் காத்திருப்பதுபோல் இருக்கும். ஒரு கையை இன்னொரு கைமேல் லேசாக வைத்துக்கொண்டு, கேள்வி கேட்பவரின் மூக்கைப் பார்த்துப் பேசு என்று நான் சொல்லிக்கொடுப்பேன். கண்ணைப் பார்த்தால் பயம் வந்துவிடும். மூக்கைப் பார்த்துப் பயந்தவர் யாருமில்லை.

இன்ஸ்பெக்டர் சார், நேற்று நீங்கள் விசாரித்தபோது நானும் உங்கள் மூக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். எங்கள் குடும்பம் கொச்சிக்கு வந்து பல தலைமுறை ஆயிற்று. மலையாளத்தில் பேரம் பேசுவேன், சண்டை போடுவேன். நிதானமாக யோசித்து எழுதத் தமிழ்தான் வரும். ஸ்டேஷனில் தமிழ் தெரிந்த கான்ஸ்டபிள் ஒருவர் இருக்கிறார், அவர் உங்களுக்குப் படித்துக் காட்டட்டும். கொஞ்சம் நிறுத்திப் படிக்கச் சொல்லுங்கள்.

என் பெயர் வெங்கிடாசலம். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், சுக்குக் கிடங்குக்கு மேல்மாடியில் பயிற்சி மையம் நடத்துகிறேன். நம் நாட்டில் டாக்டர் படிப்புக்கு நேர்முகத் தேர்வு எதற்கு என்று கேட்டீர்கள். நம் ஊர்க் கல்லூரிகளுக்கு மதிப்பெண் போதும். நான் தயார் செய்வது வெளிநாட்டுத் தீவு ஒன்றில் இருக்கும் மருத்துவக் கல்லூரிக்கு. அவர்களுக்கு மதிப்பெண் போதாது, மனசும் வேண்டும். மனசை அளக்க வருஷத்துக்கு ஒரு தடவை எர்ணாகுளத்துக்கு வந்து, பெரிய ஹோட்டலில் ஒரு மாடி முழுவதையும் எடுத்துக்கொள்வார்கள்.

நடைவழி நெடுக அறைகள். ஒவ்வொரு கதவிலும் ஒரு தாள் ஒட்டியிருக்கும். மணி அடித்ததும் தாளைப் படிக்க வேண்டும், மறுமணிக்கு உள்ளே போக வேண்டும். ஓர் அறையில் இரண்டு நோயாளிகள் சாகக் கிடப்பார்கள், சுவாசக் கருவி ஒன்றுதான் இருக்கும், யாருக்குக் கொடுப்பாய் என்று கேட்பார்கள். இன்னோர் அறையில் கூலிக்கு அமர்த்தின நாடக நடிகர் தன் நாய் செத்துவிட்டதாக அழுவார், அவருக்கு ஆறுதல் சொல்ல வேண்டும். பிளஸ் டூ முழுக்க வாயைத் திறக்காமல் படித்த பிள்ளைகள், முன்பின் தெரியாத ஆளின் தோளைத் தொடலாமா கூடாதா என்று வேர்த்துப்போய் நிற்பார்கள். என் மாணவன் ஒருவன் நடிகரோடு சேர்ந்து தானும் அழுதுவிட்டான். இரக்கம் அதிகம், கட்டுப்பாடு குறைவு என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். அடுத்துப் போன பெண் அழவில்லை. கட்டுப்பாடு அதிகம், இரக்கம் குறைவு என்று அவளையும் அனுப்பிவிட்டார்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது கடைசி அறை. நீ ஏன் டாக்டராக வேண்டும் என்பது அங்கே கேள்வி. அதற்குப் பிள்ளைகள் எல்லோரும் ஒரு சாவைத் தூக்கிக்கொண்டு போவார்கள். தாத்தா மடியில் உயிரை விட்டார், அன்றே முடிவு செய்தேன் என்பார்கள். தேர்வு மாதத்தில் மட்டாஞ்சேரியில் மட்டும் எத்தனை தாத்தாக்கள் இப்படிச் செத்தார்கள் என்று சொல்ல முடியாது. அதில் பாதிப்பேர் மறுநாள் காலை சாயாக் கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்கள்.

ரமேஷ்பாபு என்று ஒரு பையன், கெட்டிக்காரன். தன் அத்தை ஆவுடையம்மாள் புற்றுநோயில் போனதைக் கல்லும் கரையும்படி சொன்னான். தேர்வாளர் ஒருவருக்குச் சந்தேகம் வந்து அவன் வீட்டுக்கு போன் போட்டார். போனை எடுத்தது ஆவுடையம்மாள். “நான்தான் பேசறேன், என்ன வேணும்?” என்றிருக்கிறார். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் என் மையத்துப் பிள்ளைகளைப் பார்த்தாலே அந்தக் கல்லூரிக்காரர்கள் சிரித்தார்கள். எனக்கு அது பெரிய அவமானம். அன்றிலிருந்து என் வகுப்பில் பொய் கிடையாது. நடந்ததைச் சொல், கூட்டாதே, குறைக்காதே. இதுதான் என் பாடம்.

மகா என்னிடம் வந்தது அதற்கப்புறம். அவள் அப்பா நல்லசிவம் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து சுள்ளிக்கல்லில் காய்கறிக் கடை போட்டவர். அந்தத் தீவுக் கல்லூரி வருஷத்துக்கு ஒரே ஒரு பிள்ளைக்கு எல்லாச் செலவையும் தானே ஏற்று இடம் கொடுக்கும். அது கிடைத்தால் மகா டாக்டர். கிடைக்காவிட்டால் கடையில் வெண்டைக்காய் நிறுக்க வேண்டியதுதான்.

“சாரே, எம் புள்ள நல்லாப் படிக்கும். பேசத்தான் கூச்சப்படும். நீங்கதான் கொஞ்சம் பாத்துக்கிடணும்,” என்றார் நல்லசிவம். அப்போது அவர் ஒரு மூட்டை சேனைக்கிழங்கைத் தோளில் வைத்துக்கொண்டே பேசினார், இறக்கி வைக்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. அப்படி ஓர் உடம்பு.

முதல் வகுப்பில் மகாவிடம் கடைசி அறைக் கேள்வியைக் கேட்டேன்.

“அப்பா மீன் வாங்கிட்டு வந்தா நான்தான் சார் அறுப்பேன். சில மீனுக்குத் தலைய எடுத்தப்பறமும் இதயம் அடிச்சிட்டே இருக்கும். அது எப்படின்னு அறியணும். அதான்.”

மீன் வெட்டுகிறவர்கூட இதைச் சொல்லலாமே என்றேன். வீட்டில் யாருக்காவது சீக்கு உண்டா என்று கேட்டேன். இல்லை என்றாள். யாராவது செத்திருக்கிறார்களா? விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள்.

“ஒரு கோழி, சார்.”

மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவ்வளவு புத்தியுள்ள பெண், கையில் ஒரு துக்கம்கூட இல்லாமல் அந்த அறைக்குள் போகப் போகிறாள். நல்லசிவத்தைத் தனியாக அழைத்துக் கேட்டேன்.

“ஒரு கொழப்பமும் இல்ல சாரே. ஊர்ல எங்க அப்பா அம்மா, அவ அம்மாவோட அப்பா அம்மா எல்லாரும் நல்லாத்தான் இருக்காவ. எனக்குக் காய்ச்சல் வந்தாக்கூட ஒரு ராத்திரிதான்,” என்றவர், என் முகத்தைப் பார்த்துக் கவலைப்பட்டார். “அது ஒரு கொறையா சாரே?”

கொஞ்சம் குறைதான் என்றேன். அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். பிள்ளைக்கு எல்லாம் வாங்கிக் கொடுத்தேன், இது தெரியாமல் போயிற்றே என்பதுபோல் தலையைச் சொறிந்தார். அந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போனது அப்போதுதான்.

வகுப்பு முடியும் நேரத்தில் பிள்ளைகளை அழைத்துப்போக வரும் பெற்றோருக்கு நானே சாயா போட்டுக் கொடுப்பேன். இது எங்கள் மையத்தின் வழக்கம். மற்றவர்கள் வேண்டாம் என்று வாசலோடு போய்விடுவார்கள். நல்லசிவம் மட்டும் மேலே வந்து, ஓரத்தில் நின்றே குடிப்பார். உட்காருங்கள் என்றாலும் உட்கார மாட்டார். எனக்குச் சர்க்கரை வியாதி உண்டு, மாத்திரை சாப்பிடுகிறேன். அவருக்கு அது கிடையாது. என் மாத்திரையை அவருடைய சாயாவில் கலந்தேன்.

எனக்குத் தேவைப்பட்டது ஆபத்தில்லாத ஒரு சம்பவம். மகா பக்கத்தில் இருக்க வேண்டும், பார்க்க வேண்டும், பிறகு நடந்ததை அப்படியே சொல்ல வேண்டும். அவளைப் பொய் சொல்ல வைப்பதா, ஒரு மனிதருக்கு ஒரு மாலை நேரம் தலைசுற்ற வைப்பதா என்று யோசித்தேன். எது நேர்மை என்று நீங்களே சொல்லுங்கள்.

முதல் தடவை அவர் படியிறங்கும்போதே சட்டை வேர்வையில் நனைந்துவிட்டது. கை நடுங்கியது. மகளை ‘சங்கரி’ என்று மனைவி பெயர் சொல்லிக் கூப்பிட்டார், அப்படியே படியில் விழுந்தார். மகா கீழே ஓடிப்போய்ப் பழம் வாங்கி வந்து ஊட்டினாள், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. அடுத்த வகுப்பில் அவளைச் சொல்லச் சொன்னேன். வேர்த்தது, நடுங்கியது எல்லாம் அழகாகச் சொன்னாள். கடைசியில், “எழுந்ததும், இன்னொரு பழம் இருக்கான்னு கேட்டாரு சார்,” என்றாள். வகுப்பே சிரித்தது. சோகம் வர வேண்டிய இடத்தில் நகைச்சுவை வந்துவிட்டது. அவளைக் குறை சொல்ல முடியாது, நடந்ததைத்தான் சொன்னாள். நடந்ததுதான் போதவில்லை.

ஆகவே இரண்டாம் தடவை. அன்று அவரை கிளினிக்கில் படுக்க வைத்து குளுக்கோஸ் ஏற்றினார்கள். வேளைக்குச் சாப்பிடாமல் உழைத்தால் இப்படித்தான் என்றார் அங்கிருந்த டாக்டர். மகா சொன்னபோது இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்திருந்ததைச் சொன்னபோது நானே குறிப்பெழுதுவதை நிறுத்திவிட்டேன். ஆனால் முடிவு சரியில்லை. “இப்ப நல்லாருக்காரு சார், கடைக்குப் போறாரு,” என்று முடித்தாள். இதிலிருந்து நீ எதை இழந்தாய் என்று தேர்வாளர்கள் கேட்பார்கள். ஒன்றும் இழக்கவில்லை என்றா சொல்வாள்?

மூன்றாம் தடவை நான் நினைத்தது இவ்வளவுதான்: அவர் பெரிய ஆஸ்பத்திரியில் சில நாள் கிடக்க வேண்டும், பிழைத்து வர வேண்டும். இதை அடிக்கோடிட்டிருக்கிறேன், கவனிக்கவும். ஆனால் அன்று அவருக்கு லோடு வருகிற நாள். சாயாவை மடமடவென்று குடித்துவிட்டு, “மகா பொறவு வரட்டும் சாரே, நான் முன்ன போறேன்,” என்று கிளம்பிவிட்டார். நான் தடுத்திருக்கலாம். என்ன காரணம் சொல்லித் தடுப்பது? பொய்தான் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

சுள்ளிக்கல் போகும் வழியில் ரோட்டோரம் விழுந்தார். அதற்கு முன்னால் தள்ளாடியிருக்கிறார், வாய் குழறி என்னவோ பேசியிருக்கிறார். வெளியூர்த் தொழிலாளிபோல் தோற்றம், சாயங்கால நேரம். குடித்திருக்கிறான் என்று எல்லோரும் ஒதுங்கிப் போனார்கள். ஒருவர் மட்டும் அவர் செருப்பை எடுத்து ஓரமாக வைத்தார். இன்னொருவர் வீடியோ எடுத்தார். வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாத மனிதர். வகுப்பு முடிந்து மகா அந்த வழியாக நடந்து வந்து பார்க்கும்வரை அங்கேயே கிடந்தார். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. இதயம் என்றார்கள். யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. ஊருக்குக் கொண்டுபோய் எரித்துவிட்டார்கள்.

இந்த ஊர்க்காரர்களின் அலட்சியத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரமாக வருகிறது. ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க ஆளில்லை.

காரியம் முடிந்து குடும்பம் திரும்பி வந்ததும் வீட்டுக்குப் போனேன். சங்கரி சுவரோரம் உட்கார்ந்திருந்தார், என்னைப் பார்த்துக் கும்பிட்டார். தேர்வு நெருங்குகிறது, அவர் ஆசைப்பட்டதை விட்டுவிடக் கூடாது என்றேன். மகா மறுநாளே வகுப்புக்கு வந்தாள். நான் கேட்காமலே அப்பா போனதைச் சொன்னாள். ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை. கையின்மேல் கை இருந்தது. என் மூக்கைப் பார்க்கவில்லை, கண்ணைப் பார்த்தாள். அந்த ஒரு தவறைத் தவிர முழு மதிப்பெண்.

ஹோட்டலில் நடந்தது எனக்கு நேற்றுதான், தேர்வாளர்களில் ஒருவரான டாக்டர் மாளவிகாவின் வாக்குமூலத்தை நீங்கள் வாசித்தபோதுதான் தெரிந்தது. கடைசி அறையில், ஏன் டாக்டராக வேண்டும் என்று கேட்டதற்கு மகா மீனின் இதயத்தைச் சொன்னாளாம். அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தேர்வாளர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்களாம். அன்று அந்த அறையில் அதிக மதிப்பெண் வாங்கியவள் அவள்தானாம். இதை வாசித்தபோது என் முகத்தில் என்னமோ மாறியது என்று குறித்துக்கொண்டீர்கள். ஏமாற்றம்தான். அவ்வளவு தயார் செய்ததை அவள் அங்கே பயன்படுத்தவே இல்லை.

பயன்படுத்தியது டாக்டர் மாளவிகா இருந்த அறையில். உனக்கு இன்னும் விடை கிடைக்காத கேள்வி ஒன்றைச் சொல் என்பது அங்கே கதவுத் தாளில் இருந்த கேள்வி. மகா, நான் கற்றுக்கொடுத்தபடியே, நடந்ததைச் சொன்னாள். அப்பாவுக்கு ஒரு நோயும் இருந்ததில்லை. மூன்று தடவை விழுந்தார். மூன்றும் வகுப்பில் சாயா குடித்த பிறகு. வேர்த்தது, நடுங்கியது, பேச்சு குழறியது. ஒரு தடவை பழம், ஒரு தடவை குளுக்கோஸ், இரண்டு தடவையும் பிழைத்தார். கொடுக்க அவள் பக்கத்தில் இல்லாத தடவை பிழைக்கவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வீட்டில் யாராவது சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறார்களா என்று கேட்டார். இல்லை, சார் சாப்பிடுகிறார் என்றாள் மகா. மணி அடித்ததாம். இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லையாம்.

யாரும் தூண்டாமல், எதையும் ஊகிக்காமல், பார்த்ததை மட்டும் வரிசையாகச் சொல்லி நோயைக் கண்டுபிடித்திருக்கிறாள். எத்தனை டாக்டர்களுக்கு இது வரும்? செலவில்லாத அந்த ஒரே இடம் அவளுக்குத்தான் என்று நீங்கள் சொன்னபோது என் கண் கலங்கியது நிஜம். உங்கள் கான்ஸ்டபிள் அதைப் பயம் என்று நினைத்துக்கொண்டார்.

சுற்றி வளைக்காமல் ஒரு வரியில் எழுதுங்கள் என்றீர்கள். எழுதுகிறேன். நல்லசிவத்தின் சாயாவில் மூன்று தடவை என் மாத்திரையைக் கலந்தேன், மூன்றாம் தடவையில் அவர் இறந்தார், அவரைக் கொன்றது நான்தான். இதற்குச் சாட்சி என்று உங்களிடம் பெரிதாக ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒரே ஒரு மனக்குறை. மகா நேற்று ஸ்டேஷனுக்கு வந்திருந்தாள், வராந்தாவில் அம்மாவோடு நின்றாள், என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டாள். சின்னப் பெண், நாளைக்குப் புரிந்துகொள்வாள். நல்லசிவம் உயிரோடு இருந்திருந்தால் அப்படி விட்டிருக்க மாட்டார், மகளைக் கையோடு அழைத்து வந்து எனக்கு நன்றி சொல்ல வைத்திருப்பார்.