விபத்தில்லாத 731 நாட்கள்

மாலை ஏழேகால் மணி. தெப்ராவ் தொழிற்பேட்டையின் பின்பக்கச் சாலை. மழை அப்போதுதான் விட்டிருந்தது. வேலை முடிந்து பஸ்கள் போய்விட்டால் அங்கே நாய்கூட நடக்காது... நம் நண்பர் வசந்தனுடைய மைத்துனர் குணாளனின் வேன் மட்டும் போய்க்கொண்டிருந்தது. சிரிக்காமல் கேளுங்கள். அந்த மனிதருக்குப் பொய் சொல்ல வராது. ஒரே ஒரு பொய்தான் சொன்னார், அதுவும் அன்று காலையில்.

குணாளனுக்கு எல்இடி எழுத்துப் பலகைத் தொழில். எந்த அளவு, எந்த நிறம், உள்ளே மாட்டவா வெயிலில் மாட்டவா என்று கேட்டுத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பார். கணினியில் அடித்து அனுப்பினால் பலகையில் எழுத்து ஓடும். அந்தச் சாலையில் இருந்த ஒரு தொழிற்சாலை வாசலில் அவர் மாட்டியது 'விபத்தில்லாத நாட்கள்' காட்டும் பலகை. தினமும் தானே ஒன்று கூட்டிக்கொள்ளும். உள்ளே யாருக்காவது அடிபட்டால் குணாளன்தான் எண்ணைப் பூஜ்யத்துக்கு மாற்ற வேண்டும். மேனேஜர் சுகுமாறன் பெரிய சிவப்பு எழுத்தாகக் கேட்டு வாங்கினார்.

"ரோட்ல போற லோரிக்காரனும் பாக்கணும் லா."

அன்றைக்குப் பதினாறு நாளைக்கு முன்னால், அங்கே வேலை பார்த்த காளியப்பன் உள்ளே பிரஸ் மெஷினில் மாட்டிச் செத்தான். அந்த நேரம் குணாளன் வாசலில் ஏணி மேல் நின்று பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவனை ஃபோர்க்லிஃப்டில் வைத்து வெளியே கொண்டுவந்ததைப் பார்த்தார். சாலையோரம் கிடத்தினார்கள். பக்கத்தில் அவனுடைய மோட்டார் சைக்கிளைச் சாய்த்துப் போட்டார்கள்... சாலை விபத்தாம். தூ! மனுஷ ஜென்மங்களா அவர்கள்? பலகையில் எண் குறையவில்லை. காண்டிராக்ட் போய்விடுமே என்று குணாளனும் வாயைத் திறக்கவில்லை.

அந்த மழை நாளின் காலையில்தான் காளியப்பனுக்குக் கருமாதி. அவன் மனைவி வாசுகி, அங்கே போயிருந்த குணாளனிடம் வந்து நின்றாள்.

"அண்ணே, நீங்க அன்னிக்கு அங்கதான இருந்தீங்க? அவரு வெளியதான் விழுந்தாரா?"

"நான் பாக்கலமா" என்றார்.

மாலையில் சுகுமாறன் போன் செய்தார். பலகை பூஜ்யம் காட்டுகிறதாம், உடனே வர வேண்டுமாம்.

போய்ப் பார்த்தார்... ஆமாம். சிவப்பாக ஒரே ஒரு பூஜ்யம். மடிக்கணினியில் கேபிளைச் செருகி, 731 என்று அடித்து அனுப்பினார். 'டிக்'... 731 வந்தது. மூன்று விநாடி. 'டிக்'... பூஜ்யம். மறுபடி அனுப்பினார். மறுபடி பூஜ்யம். ஏணியில் ஏறி மின்சாரக் கம்பியைப் பிடுங்கினார். கம்பி கையில் இருக்கிறது... பூஜ்யம் அணையவில்லை.

மெஷின் எண்ணெய் வாடை அடித்தது. கூடவே ரத்த வாடை. ஏணி லேசாக அமுங்கியது. கீழ்ப்படியில் 'க்ரீச்'... அடுத்த படியில் 'க்ரீச்'... குனிந்து பார்த்தார். சுகுமாறன் பத்தடி தள்ளிக் குடையோடு நின்றிருந்தார். ஏணியில் யாரும் இல்லை. அவருடைய காலுக்கு ஒரு படி கீழே... 'க்ரீச்'.

"அலமாக், என்னா விளையாட்டு இது? நம்பர போடுங்க! நாளைக்கு ஹெட் ஆபீஸ்லேருந்து வராங்க!"

நாளைக்கு வருகிறார்கள் என்றதும் குணாளனுக்குப் பயத்தை முந்திக்கொண்டு கோபம் வந்தது. பதினாறு நாள் அடக்கி வைத்த கோபம்.

"போட மாட்டேன்! அவன் உள்ளதான் செத்தான். நீங்க வெளிய கொண்டாந்து போட்டத என் ரெண்டு கண்ணால பாத்தேன். இப்பவே போய் அவன் பொண்டாட்டிகிட்ட சொல்லப் போறேன். உங்களால ஆனத பாத்துக்குங்க!"

'க்ரீச்'... 'க்ரீச்'... அது இறங்கிப் போனது.

குணாளன் அங்கிருந்து நேராக உலு திராமில் இருந்த வாசுகி வீட்டுக்கு வேனை விட்டார். அவளிடம் ஒன்று விடாமல் சொன்னார். காலையில் சொன்ன பொய்யையும் சேர்த்துத்தான். அவள் அழவில்லை.

"போலீஸ்ல வந்து சொல்லுவீங்களா?"

"சொல்றேன்மா."

அவர் வாயை மூடவில்லை, போன் அடித்தது. செனாயில் இன்னொரு தொழிற்சாலை மேனேஜர். அங்கேயும் இவர் மாட்டிய பலகை. அங்கேயும் பூஜ்யமாம். வைத்ததும் பாசிர் கூடாங்கிலிருந்து ஒருவர். அடுத்து குளுவாங்... ஒரு மணி நேரத்தில் ஏழு பேர். ஒருவராவது பலகை கெட்டுப்போய்விட்டது என்று சொல்லவில்லை. ரிப்பேருக்கு வரச் சொல்லவில்லை. ஏழு பேரும் குரலைத் தாழ்த்தி ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"யாரு சொன்னா உங்களுக்கு?"