வார்த்தையின் கடைசித் துண்டு

“இந்த நீட்டு வார்த்தையத் துண்டு துண்டா வெட்டிச் சொல்லுடி.”

முதுகுளத்தூரில் தங்கச்சியோடு பஸ் ஏறிய அக்கா, எனக்கு முன் சீட்டில் அவளிடம் ஆஸ்பத்திரிக் காகிதத்தை நீட்டினாள். நர்சிங் படிக்கும் தங்கச்சி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் பாட்டு காதைக் கிழித்தது.

“ஹிஸ்டர்னா கர்ப்பப்பை, அக்கா.”

“மிச்சம்?”

“எக்டமி. ராம்நாடு போயி டாக்டர்ட்டயே கேப்போம்.”

“ஒங்க பாடத்துல வேற எதுலடி எக்டமி வருது?”

“டான்சில் எடுப்பாங்கல்ல, அதுல வரும்.”

“அப்ப, எடுக்கப் போறாகளா?”

அக்கா காகிதத்தை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

“வயித்துக் கட்டிய மட்டும் எடுத்தா பிள்ள தங்கும்னுதானடி ஒங்க மச்சான் சொன்னாரு? கீழ சம்மதம்னு அவரு கையெழுத்து இருக்கே. அவருக்கு யாரு வெட்டிச் சொன்னது?”