நான்கு விரல் இடைவெளி

தெல்தோட்டையிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு மச்சான்மார் இருந்தார்கள். தேயிலைக் கொழுந்து ஏற்றும் கெப் வண்டிக்குப் புது ரிம் வாங்கப் போகிறார்களாம்.

“ஆறு போல்ட் ஓட்டையும் சரியா இருக்கு மச்சான். பழைய ரிம்ம விட ஒரு இஞ்ச் வெளிய தள்ளி நிக்கும். சும்மா சிங்கம் மாதிரி இருக்கும்!”

“டயரு மட்காட்டுல உரசாதா? உரசினா அறுத்துருமே.”

“நாலு விரல் இடைவெளி இருக்கு. நேத்துதான் விரல வச்சுப் பார்த்தேன்.”

“கொழுந்து ஏத்தியா?”

“ஞாயித்துக்கிழமை ஏது கொழுந்து? வெறும் வண்டிதான்.”

விரல் வைத்துப் பார்த்தவர் உடனே போனில் மனைவியிடம் கத்தினார்.

“இந்தா, லயத்து வீடுகள்ல இருக்கிறவங்க எல்லாரையும் கெப்புக்குப் பின்னால ஏத்து! டயருக்கு மேல எத்தனை விரல் போகுதுன்னு பாத்துச் சொல்லு!”

ஸ்பீக்கரில் ஒரே சிரிப்பும் தடதடப்பும். கண்டக்டரும் டிக்கெட் போடுவதை நிறுத்திவிட்டார்.

“பதினாலு பேரு ஏறியாச்சு. ரெண்டு விரல் போகுதுங்க!”

“பார்த்தீங்களா மச்சான்! வாங்கிரலாம்!”

“யாரு விரல்னு கேளுங்க,” என்றார் மற்றவர்.

கேட்டார்.

“என் விரல்தான். உங்க விரல் ஒண்ணுகூடப் போகாது. கடைக்குப் போறீங்கல்ல, முதல்ல ஒரு அளவு டேப் வாங்குங்க.”