வண்டேறி வந்த புழு

என் பேச்சு நீண்டுவிடக் கூடாதே என்ற கவலையில் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துக்கொண்டு இவ்விழாவுக்குத் தலைமை தாங்கும் கோயில் பூசகர் மிநாசே ஐயா அவர்களே! கடற்காற்றுக்குப் போர்வை போர்த்தி வந்தாலும் கைதட்டுவதற்குக் கைகளை வெளியே வைத்திருக்கும் பெரியோர்களே! சோற்றை உருட்டிக் கடற்பாசி சுற்றிக் கொடுத்து, பேச வந்தவர்களின் வாயை முதலிலேயே அடைத்துவிட்ட தாய்மார்களே! தீயணைப்புப் படைத் தோழர்களே! இவர்கள் அனைவருக்கும் பின்னால், கடலுக்கும் நம் கசஹாமாவுக்கும் நடுவே, இந்த அக்டோபரிலும் பச்சை மாறாமல் நிற்கும் பைன் மரங்களே! உங்களுக்கும் என் வணக்கம்!

பீர்ப்பெட்டிகளை அடுக்கிப் போட்ட மேடை ஆடுகிறது. ஆடட்டும். இன்று என் மனமும் ஆடத்தான் செய்கிறது.

பல் மருத்துவருக்குப் பைன் மரத்தோடு என்ன பேச்சு? என்ன சொன்னீர்கள், நோபுமாசா? "ஓட்டை போடத்தான்" என்கிறார். சரியாகச் சொன்னார்! அந்த ஓட்டைக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

இந்தச் சோலை இல்லையென்றால் நமக்கு வயல் ஏது? வாசல் ஏது? மணல் வந்து மூடியிருக்காதா? புயலுக்கு நின்ற மரம், பனிக்கு நின்ற மரம், உப்புக்காற்றுக்கு நின்ற மரம், ஒரு புழுவுக்கு முன்னால் மட்டும் நிற்க முடியாமல் போனதே, ஏன்? கண்ணுக்கே தெரியாத புழு! என்றோ கப்பலில் கட்டையோடு கட்டையாக வந்து இறங்கிய புழு! அதற்குக் காலில்லை, இறகில்லை. ஆனால் அதைச் சுமக்க ஒரு வண்டு இருக்கிறது. உடம்பைவிட நீளமான கொம்புகளோடு ஊர்வலம் வருமே, அந்த வண்டு!

இறந்த பைன் மரத்துக்குள்தான் வண்டு வளரும். வசந்தத்தில் அது கூட்டுப்புழுவாகக் கிடக்கையில், இந்தப் புழுக்கள் சுற்றிக் காத்திருக்கும். வண்டு உருவானதும் அதன் மூச்சுக்குழாய்களில் ஆயிரமாயிரமாய் ஏறிக்கொள்ளும். கோடை தொடங்கும்போது வண்டு பறந்துபோய்ப் பச்சை மரத்தின் இளங்கிளையைக் கடிக்கும். கடித்த காயத்தில் இவர்கள் இறங்கிக்கொள்வார்கள். மரத்துக்குள் பெருகிப் பெருகி நீர் ஏறும் வழியை நிறுத்துவார்கள். பிசின் வற்றும், ஊசியிலை சிவக்கும், மரம் சாகும். செத்துக்கொண்டிருக்கும் அந்த மரத்தைத் தேடி முட்டையிட வருவது யார்? அதே வண்டு! இவனுக்கு அவன் வாகனம், அவனுக்கு இவன் வீடு கட்டிக் கொடுக்கிறான். என்ன கூட்டணி ஐயா இது!

இனி எய்சக்கு அண்ணன் கதை. அவரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். முறைக்காதீர்கள் அண்ணே!

போன இலையுதிர்காலத்தில் அண்ணி கிக்குயே மறைந்தார். அதே மாதம் அவர்கள் வாசலில் நின்ற பைன் மரமும் சிவந்தது. அண்ணன் அதை வெட்டி, துண்டு போட்டு, கொல்லையில் அடுக்கினார். எதற்கு? ஆகஸ்டில் ஓபோன். மறைந்தவர்கள் வீட்டுக்கு வரும் நாள், அண்ணிக்கு அது முதல் வருகை. வாசலில் பைன் விறகெரித்து வழிகாட்ட வேண்டாமா? நம் ஊர்க்காரர்களால் மட்டுமே செய்யக்கூடிய தவறு இது! இறந்தவர்களுக்காக இறந்த மரத்தைச் சேர்த்து வைக்கிறோம். கொல்லைக்கு அடுத்து என்ன இருக்கிறது? இந்தச் சோலை!

மார்ச் மாதம் அந்த விறகின் பட்டையை உரித்துப் பார்த்தோம். உள்ளே வண்டின் குடைவுகள். எரித்துவிடலாம் என்று போய்க் கேட்டோம். அண்ணன் விறகின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"என் பொண்டாட்டிக்கு வச்ச விறகு. எவனாவது கை வச்சான்னா தெரியும் சேதி!"

"அண்ணே, ஓபோனுக்கு முன்னாடியே வண்டு கிளம்பிடுமே!"

"வண்டுக்குப் பயந்து அவளை இருட்டுல நிக்க வைக்கச் சொல்றியா, டாக்டரம்மா?"

அப்போது, கரிச்சூளை வைத்திருக்கும் நம் தோமொயே முன்னால் வந்தாள்.

"எங்கிட்ட குடுங்கண்ணே, கரியாக்கித் தர்றேன். சூளைச் சூட்டுல வண்டும் மிஞ்சாது, புழுவும் மிஞ்சாது. கரியை வச்சு வாசல்ல கனல் மூட்டுங்க."

"கரியில புகை ஏது? புகை இல்லாம அவ எப்படி வீட்டைக் கண்டுபிடிப்பா?"

"உங்க குளியலறை அடுப்புப் புகையைக் காலம்பூரா திட்டித் தீர்த்தவங்க அண்ணி. புகை இல்லேன்னா இன்னும் வெரசா வருவாங்க!"

அண்ணன் அவளையே பார்த்தார். பிறகு சிரித்தார். அடக்கம் முடிந்த நாளுக்குப் பின் அவர் சிரித்து நாங்கள் கேட்டது அன்றுதான். "அதுவும் சரிதான். அவ வாய் அப்படி," என்று சொல்லி இறங்கினார். விறகு சூளைக்குப் போனது, கொல்லையில் சிந்திய பட்டைத் தூளைக்கூட விடாமல் தீயணைப்புத் தோழர்கள் கூட்டி எரித்தார்கள்.

ஓபோன் அன்று அந்தி சாய்கையில் அவர் வாசலில் கனல் ஜொலித்தது. ஆனாலும் எங்களுக்குப் பயம் போகவில்லை. கட்டைகளிலிருந்து ஏதேனும் தப்பியிருந்தால்? கோடை முழுக்க அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தவர்கள் கை தூக்குங்கள்! அடேயப்பா, ஊரே தூக்குகிறதே!

செப்டம்பரில் சோதனை. காலையில் அண்ணன் கொல்லையை ஒட்டிய மரங்களில் பட்டையில் சிறு ஓட்டை போட்டேன். மதியம் வந்து பார்ப்பதாகச் சொன்னேன். அவர் நகரவேயில்லை, முதல் மரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தார். நான் திரும்பி வந்தபோது அவர் முகம் வெளிறியிருந்தது.

"டாக்டரம்மா, ஓட்டை அடைச்சுக்கிச்சு. சோதனை கெட்டுப்போச்சா?"

"எதால அடைச்சுது அண்ணே?"

"பிசின்தான். நான் தொடல, சத்தியமா!"

தோழர்களே! "அடைச்சாத்தான் அண்ணே மரம் உசுரோட இருக்கு!" என்று கத்தினேன். அடுத்த மரம், அதற்கடுத்த மரம், எல்லாவற்றிலும் பிசின்! ஒன்றுகூட வறண்டிருக்கவில்லை! அந்த மனிதர் முதல் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன்.

மறைந்தவர்களை மறக்கச் சொல்லவில்லை நாம். வழிபாட்டை நிறுத்தச் சொல்லவில்லை. இறந்தவர்களை வரவேற்க, இருப்பவற்றைப் பலி கொடுக்க வேண்டியதில்லை என்கிறோம், அவ்வளவுதான்! இனி எவர் வாசலில் மரம் சிவந்தாலும் கோடைக்கு முன்பே சூளைக்கு வரட்டும். வருமா? வருமா? உங்கள் பதில் கடல்வரை கேட்கட்டும்!

பூசகர் ஐயா கடிகாரத்தைக் கட்டிக்கொள்ளலாம். பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், கரி தந்த தோமொயேவுக்கும், விறகைவிட்டு இறங்கி வந்த எய்சக்கு அண்ணனுக்கும் தலைதாழ்ந்த நன்றி. சோலைக்குள்ளேயே நடந்து வீடு போங்கள், நிழலும் காற்றும் நன்றாக இருக்கின்றன. வணக்கம்!